டோல் இல்லை, ரோடும் இல்லை

இயேசு மரி சூசை துணை

மேல்கேட் காலனி,
சனிக்கிழமை, விடாத மழை.

என் அன்பு மகன் ஜோமோனுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீ அங்கே பனியில் சளி இருமல் பிடிக்காமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக லாரி ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று செபஸ்தியாரைக் கேட்டுக்கொண்டுதான் தினமும் அடுப்பையே பற்ற வைக்கிறேன். இங்கே என் முழங்காலும் அப்பாவின் பிரஷரும் மாத்திரைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன, அந்த வகையில் சுகம். மற்ற வகையிலும் சுகம் என்று எழுதினால் பொய் எழுதினவள் ஆவேன். நம் காலனி டின்டு லீவு முடிந்து புதன்கிழமை போலந்துக்குக் கிளம்புகிறான், அவன் கையில் எலுமிச்சை ஊறுகாயும் மிளகும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் டவரில் டீசல் தீர்ந்தால் பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது, அறுந்த இடத்திலிருந்து மறுபடி சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, அப்பாவும் பக்கத்திலேயே நின்று நான் என்ன சொல்கிறேன் என்று காதைத் தீட்டிக்கொள்கிறார். எழுத உட்கார்ந்ததிலிருந்து எத்தனை தரம் எழுந்து வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தேனோ தெரியாது. அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அப்பாவிடம் பேசி அந்த மூங்கிலை எடுக்கச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன், கேட்கவில்லை. உன் தங்கை ஜின்சி அழுதே பார்த்தாள், கேட்கவில்லை. ஆண்பிள்ளை நீ சொன்னால் ஒருவேளை கேட்பார். கேட்காவிட்டால் இந்த வயசில் அவரைக் கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்கள், அதுதான் எனக்கு நெஞ்சில் கிடந்து அடித்துக்கொள்கிறது.

நீ அரைகுறையாகக் கேட்டிருப்பாய், ஒழுங்காகச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் நம் காலனிக்கும் பாக்டரிக்கும் நடுவில் சிலுவைப்பாறை வளைவில் உருள்பொட்டல் ஆனது உனக்குத் தெரியும். மலை சரிந்ததில் ரோட்டுக்கு அடியில் இருந்த மண்ணெல்லாம் கீழே போய்விட்டது, மேலே தார் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலே நின்று பார்த்தால் ரோடு நன்றாக இருப்பது போலவே தெரியும், ஓரத்தில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான், அதுதான் அதில் உள்ள ஆபத்து. எங்களுக்குத் தெரியும், அதனால் கோயிலுக்கும் ரேஷனுக்கும் தேயிலைக்காட்டு வழியாக நடந்து போய்க்கொள்கிறோம். தேனிப் பக்கத்திலிருந்து மூணாறு பார்க்க வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? போடிமெட்டு வழி சுற்று, இதுதான் குறுக்குவழி என்று போன் காட்டுகிறதாம், நேரே ஏறி நம் வீட்டு வாசலுக்கு வந்து அதே வேகத்தில் சிலுவைப்பாறைக்குப் போகிறார்கள். பஞ்சாயத்தில் சொன்னோம். ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டுப் போனார்கள், அதை ஆடு தின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் அப்பா பழைய டோல்கேட் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் கல்லை அடுக்கி, குறுக்கே ஒரு மூங்கிலைப் போட்டு, குடையும் பிளாஸ்க்குமாகக் காவலுக்கு உட்கார்ந்தார். வருகிற வண்டியை நிறுத்தி, வழி இல்லை, திரும்பிப் போங்கள் என்பார். மலை முழுக்க ஏறி வந்தவனுக்கு அதைக் கேட்டால் எப்படி இருக்கும்? சிலர் ஏசுகிறார்கள், சிலர் கெஞ்சுகிறார்கள், முக்கால்வாசிப் பேர் இது காசு பறிக்க ஒரு வழி என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கி நூறு ரூபாயை நீட்டுகிறார்கள். அங்கேதான் வந்தது வினை. ஒருவன் நோட்டை அப்பாவின் சட்டைப்பையில் திணிக்கப் பார்த்திருக்கிறான். அப்பாவுக்குக் கோபம் வந்தால் தெரியுமே, அதைப் பிடுங்கி அவன் மடியிலேயே வீசினார். பின்சீட்டில் இருந்தவள் எல்லாவற்றையும் போனில் எடுத்தாள், ஆனால் ஊருக்கு விட்டது அப்பா நோட்டைப் பிடுங்குகிற வரைக்கும்தான். வீசினதை வெட்டிவிட்டாள். டோல் ரத்தான ரோட்டில் கிழவர் வசூல் வேட்டை என்று பேர் வைத்து அது எங்கெங்கோ சுற்றி உன் போலந்து வரைக்கும் வந்துவிட்டது.

உன்னோடு வேலை செய்கிற பையன்கள் அது என்ன ரோடு, என்ன டோல், உங்கப்பாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பதாகவும் உனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றும் சொன்னாயே, அதையும் எழுதிவிடுகிறேன், படித்துக் காட்டு. ரோடு போட்டது வெள்ளைக்காரக் கம்பெனி. மேலே தேயிலை, கீழே சந்தையும் ரயிலும், நடுவில் மலை. பஞ்சத்துக்குப் பயந்து திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த நம் ஆட்களை வைத்துத்தான் பாறையை உடைத்து வழி வெட்டினார்கள். போட்டவன் கம்பெனி என்பதால் சுங்கமும் கம்பெனியே வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தக் காலத்து ராஜாங்கம் எழுதிக் கொடுத்துவிட்டதாம். கீழே அணைக்கரைப்பட்டிப் புளியந்தோப்பில் தொடங்கும், அங்கேதான் கீழ்க்கேட். அங்கிருந்து ஏறினால் குதிரைத்தொட்டி, துரைமார் குதிரையும் வண்டிமாடும் தண்ணி குடித்த கல்தொட்டி, இப்போது பைக்கில் வருகிற பையன்கள் அதில் சேற்றுக்காலைக் கழுவுகிறார்கள். அதற்கு மேலே வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் அங்கே கவிழ்ந்த வண்டியின் பெயர்தான், பால்வண்டி வளைவு, உப்புவண்டி வளைவு, கல்யாணவண்டி வளைவு என்று. அப்புறம் எல்லைக்கல், எல்லையைத் தாண்டினதும் நம் மேல்கேட். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சிலுவைப்பாறை, வெடி வைக்கும்போது செத்தவர்களுக்காக அவர்களோடு வேலை செய்தவர்கள் பாறையிலேயே சிலுவை கொத்தி வைத்தது. அதைத் தாண்டி ஏறினால் பாக்டரி, கோயில், கடைசியில் மூணாறு போகிற பெரிய ரோட்டில் போய்ச் சேரும். இவ்வளவுதான் ரோடு. இதற்குத்தான் இத்தனை ரகளை.

கேட்டில் ஒரு இரும்புப் பலகையில் விலை எழுதியிருந்ததைச் சின்னப்பிள்ளையில் நான் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். பாரவண்டிக்கு ஒரு விலை, வெறும் வண்டிக்கு ஒரு விலை, தலைச்சுமைக்குக்கூடக் காசு. சவத்துக்கு மட்டும் இலவசம். அது தெரிந்து ஒரு கூட்டம் பாடையில் ஏலக்காய் மூட்டையைக் கிடத்தித் துணி போர்த்தி, ஒப்பாரி வைத்துக்கொண்டே இறங்கியிருக்கிறது. கேட்காரர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தாராம், அப்புறம் மூக்கு வேலை செய்திருக்கிறது, செத்தவர் ஏலக்காய் மணக்கிறாரே என்று துணியைத் தூக்கிவிட்டார். அன்றையிலிருந்து எந்தச் சவம் வந்தாலும் கேட்டில் முகத்துத் துணியை விலக்கிக் காட்ட வேண்டும் என்று ஆனது. கேட் போய் இத்தனை வருஷம் ஆகியும் நம் காலனிக்காரர்கள் சவப்பெட்டியை அந்த இடத்தில் நிறுத்தி, முகத்தைக் காட்டிவிட்டுத்தான் கொண்டு போகிறோம். யாருக்குக் காட்டுகிறோம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஆனால் காட்டாமல் போனால் மனசு ஒப்பாது.

டோலை ஒழித்த கதையில் உன் அப்பா பெயர் வராமல் இருக்காது. ஜீப்பு ஓட்டுகிறவர்கள் ஏறவும் கொடுக்க வேண்டும், இறங்கவும் கொடுக்க வேண்டும். ரோட்டுக்குப் போட்ட காசைக் கம்பெனி எப்போதோ எடுத்துவிட்டது, இன்னும் எத்தனை காலத்துக்கு என்று எல்லாருக்கும் புகைச்சல். டின்டுவின் அம்மாவைப் பிரசவத்துக்கு அப்பாதான் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். சில்லறை இல்லை என்று கேட்டில் நிறுத்திவிட்டான் அங்கே இருந்த கிளார்க்கு. அவன் டிராயரைத் திறந்து சில்லறை துழாவி முடிப்பதற்குள் டின்டு ஜீப்பிலேயே பிறந்துவிட்டான். அப்பாவும் சூசையப்பன் மாமாவும் ஜீப்புக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ரோட்டின் குறுக்கே படுத்தது அதற்குப் பிறகுதான். நீ என் இடுப்பில் இருந்தாய், கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரே கைதட்டல். அரசாங்கம் டோலை ரத்து செய்தது. அன்றைக்குக் கேட்டில் குறுக்கே கிடந்த இரும்புக் குழாயைப் பிடுங்கித் தோளில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கோயில் முற்றத்தில் நட்டார்கள். செபஸ்தியார் திருவிழாவுக்கு நாம் கொடியேற்றுகிற கொடிமரம் அதுதான், நீ மறந்திருக்க மாட்டாய்.

ஆனால் குழாயைப் பிடுங்கினவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. கேட் இருந்தவரை வருஷம் தவறாமல் கான் வெட்டி, தண்ணி போக வழி பண்ணி, இடிந்த கல்கட்டைத் திரும்பக் கட்டினார்கள். மழை வலுத்தால் கேட்காரர் ஞானாதிக்கம் குழாயை இறக்கிப் பூட்டிவிட்டு, துரையே வந்தாலும் அசைய மாட்டார். டோல் போனதோடு கான் வெட்டுகிற ஆளும் போனான், பூட்டுகிற ஆளும் போனான். கம்பெனி கை மாறிவிட்டது, புதுசாக வந்தவர்கள் ரோடு எங்களுடையது இல்லை, ஒப்படைத்தாயிற்று என்கிறார்கள். ஒப்படைத்தது யாரிடம் என்று கேட்டு ஒவ்வொரு ஆபீசாக ஏறினால் எங்களிடம் வரவில்லை என்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பழுது பார்த்துப் புதுத் தார் போட்டுவிட்டார்கள், அதுதான் வண்டியெல்லாம் வழுக்கிக்கொண்டு மேலே வருகிறது. இந்தப் பக்கம் ஆளில்லை. ரோட்டுக்குப் போராடினவர் என்று அப்பாவைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். டோலை மறுபடி கொண்டு வா என்று அவர் சொல்லவில்லை ராசா, அதை மட்டும் அந்தப் பையன்களிடம் சரியாகச் சொல்லு. நில்லு என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா என்றுதான் கேட்கிறார்.

அதற்காக ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டுமா? வீடியோ வந்த மறுநாளே கூப்பிட்டுவிட்டார்கள். நானும் கூடப் போனேன். எஸ்.ஐ. மரியாதையான பையன்தான், சேட்டா என்றுதான் கூப்பிட்டார், உட்கார நாற்காலி போடச் சொன்னார். ஆனால் பேச்சில் பிடி விடவில்லை. வழி தடஞ்சதுக்கு ஒரு கேஸ், பைசா பிரிச்சதுக்கு ஒரு கேஸ், இன்னொருத்தர் பராதி எழுதிக் கொடுத்தால் நான் நினைத்தாலும் என் கையில் நிற்காது சேட்டா என்றார். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ரோடு யாருடையது சாரே, அவங்களை வந்து அடைக்கச் சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போயிர்றேன் என்றார். அவர் ஃபேனைப் பார்த்தார். அப்பா பெயரைச் சொல்லி, இனி சுவக்கீன் கேட்டுப் பக்கம் உட்காரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு நேராகக் கேட்டுக்குப் போய்விட்டார். இது போதாதென்று, மூங்கிலை வண்டிக்காரர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள், கோயில் கொடிமரத்தைத் திருப்பிக் கொடுங்கள், அதைக் குறுக்கே போடுகிறேன் என்று பங்குக் கமிட்டியில் போய்க் கேட்டிருக்கிறார். சூசையப்பன் மாமாதான் இப்போது கமிட்டித் தலைவர். மந்திரித்த கொடிமரத்தைப் பிடுங்கி மறுபடி டோல்கேட்டில் போடவா, நீ என்ன கிறுக்கனா சுவக்கீனு என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். சேர்ந்து குழாய் பிடுங்கினவர்கள் இப்போது முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஜின்சி வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவனெல்லாம் உங்க மாமனார் இன்னிக்கு எவ்வளவு பிரிச்சார் என்று கேட்கிறானாம், அவள் அழுகிறாள். அப்பாவைத் திருடன் என்று ஊர் சிரிக்கிறது, அதை என்னால் தாங்க முடியவில்லை. நீ பேசு. கோபமாகப் பேசாதே, கெஞ்சிப் பேசு.

திங்கட்கிழமை.

கடிதத்தை ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று, இன்னும் எழுத வேண்டி வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலமே அப்பா மூங்கிலைத் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டார். நான் அழுதேன், அதனால் இருக்கும். வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் அப்பாடா என்று உலையை வைத்தேன். அந்த அப்பாடா சோறு வேகும் வரைக்கும்கூட நிற்கவில்லை. ஒரு வண்டி கீழேயிருந்து வருகிற சத்தம் கேட்டது, வீட்டைத் தாண்டிப் போயிற்று. அப்பா எழுந்து நின்றார். சிலுவைப்பாறைக்கு அப்பால் சரிந்த மண்ணும் பாறையும் ரோட்டை மூடிக் கிடக்கிறது, போக வழி இல்லை, அதனால் போன வண்டி திரும்பி வந்தாக வேண்டும். வருகிற வரைக்கும் அவர் உட்காரவில்லை. அது திரும்பி வந்தது. அடுத்தது போயிற்று. மறுபடி எழுந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே, விடுங்க, நமக்கென்ன, கண்ணில்லாமலா வாரான் என்று சொன்னேன். சொல்லிவிட்டு என் கையும் நின்றுவிட்டது. அது திரும்புகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் தேயிலைக்காட்டுக்குள் நடந்துகொண்டே காது பூராவும் ரோட்டில்தான். பாதர் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவர் நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டது ஜோமோனே.

நேற்று மத்தியானம் மழை விட்டு மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கார் போயிற்று. திரும்பி வரவில்லை. சோற்றைப் போட்டுப் பிசைந்தோம், வரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், இரண்டு பேரும் கையைக் கழுவிவிட்டு ஓடினோம். என் முழங்காலுக்கு அன்றைக்கு வலிக்க நேரமில்லை. போய்ப் பார்த்தால் நான்கு பிள்ளைகள், படிக்கிற வயசு, சிலுவைப்பாறை வளைவில் வெடிப்புக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்தி, பக்கத்தில் ஸ்டவ் பற்ற வைத்து நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருக்கிறார்கள். இடம் நன்றாக இருக்கிறதாம், கீழே மேகம் தெரிகிறதாம். ஆன்ட்டி சாப்பிடுறீங்களா என்று ஒரு பெண் எனக்குத் தட்டை நீட்டுகிறாள். அவர்கள் காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை ராசா. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், அப்பா என் கையை அழுத்திவிட்டார். கத்தினால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து துள்ளுவார்கள். எப்போதும் கத்துகிற மனுஷன், அன்றைக்குச் சர்க்கரையாகப் பேசினார். தம்பி, நம்ம வீட்ல மீன்குழம்பு இருக்கு, சுடச்சுடச் சோறு இருக்கு, நூடுல்ஸ் என்னத்துக்கு, ஒவ்வொருத்தரா மெதுவா வாங்க, காரு அங்கனயே நிக்கட்டும் என்றார். மீன்குழம்பும் இல்லை, ஒன்றும் இல்லை, புளித்தண்ணிதான் இருந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்தார்கள். வந்த பிறகு அப்பா ஓரத்தில் குப்புறப் படுத்து, எட்டிப் பாருங்கள் என்று காட்டினார். பார்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை, தட்டு நீட்டின பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

கார் அங்கேயே நின்றது. அது மேட்டைப் பார்த்து நிற்கிறது, பிரேக்கை விட்டால் போதும், தானாகப் பின்னால் உருண்டு வந்துவிடும், என்ஜின் அதிரக் கூடாது, ஆனால் யாராவது உள்ளே இருந்து ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே போய்ச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் வேண்டாம் என்று அவரைப் பிடிக்கப் போவதற்குள் கதவு திறந்தபடியே வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. சக்கரம் வெடிப்பின் மேல் ஏறி இறங்கியபோது அடியிலிருந்து கல் உதிர்ந்து விழுகிற சத்தம் கேட்டது, விழுந்து முடிகிற சத்தம் கேட்கவே இல்லை. எனக்கு அருள் நிறைந்த மரியே பாதிக்கு மேல் வரவில்லை, மறந்துவிட்டது. வண்டி இந்தப் பக்கம் வந்தது. அப்பா இறங்கினார். ரோடு இடிந்து விழவில்லை, இன்றைக்கும் அது அப்படியேதான் நிற்கிறது, என்றைக்கு விழுமோ. உயிரைக் கையில் கொடுத்தவருக்கு அந்தப் பையனில் ஒருவன் நன்றி சொல்ல வந்தான். என்ன செய்தான் தெரியுமா? பர்சைத் திறந்து ஐநூறு ரூபாயை நீட்டினான்.

அந்த நோட்டைப் பார்த்ததும் அப்பா திரும்பிக்கொண்டார், கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்குத்தான் வந்தது ஒரு கோபம். நீங்க நீட்டுறதைப் படம் பிடிச்சுத்தானேடா இந்த மனுசனைத் திருடன்னு ஊரெல்லாம் சொல்லுது, காசு குடுத்தா வழி வந்துருமா, காசு குடுத்தா அடியில மண்ணு வந்துருமா என்று கேட்டேன். இன்னும் என்னென்ன கேட்டேனோ. அந்தப் பையனுக்குத் தமிழ் சரியாகத் தெரியாது, ஆனாலும் அவன் நோட்டை மடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். வீட்டுக்கு வந்து புளித்தண்ணியும் அப்பளமும் போட்டேன், மீன் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

புதன்கிழமை, காலை.

டின்டு வாசலில் நிற்கிறான், சீக்கிரம் முடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நான் போய் மூங்கிலை எடுத்துக் கல்லின்மேல் குறுக்கே வைத்துவிட்டு, அப்பாவின் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சுவக்கீன் கேட்டுப் பக்கம் உட்காரக் கூடாது என்றுதானே ஸ்டேஷனில் சொன்னார்கள், புஷ்பமேரி உட்காரக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே. அப்பா முதலில் திட்டினார், பிறகு போய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார், சர்க்கரையை மறந்துவிட்டார். ஒரு தகரத்தில் சுண்ணாம்பால் எழுதி மூங்கிலில் கட்டியும் விட்டேன், டோல் இல்லை, ரோடும் இல்லை என்று, கீழே மலையாளத்திலும் எழுதச் சொல்லி டின்டுவிடம் கேட்டேன், எழுதிக் கொடுத்தான். மத்தியானம் அந்த எஸ்.ஐ. ஜீப்பு வந்தது. இறங்கி வந்து தகரத்தைப் படித்தார். அம்மச்சி, உங்களை அரெஸ்ட் செய்ய எனக்கு வனிதா போலீஸ் வேணும், அவங்க வர ரெண்டு நாள் ஆகும் என்றார். வரட்டும் சாரே, வரும்போது இந்த வழியா வரச் சொல்லாதீங்க, போடிமெட்டு சுற்றி வரச் சொல்லுங்க என்றேன். சிரித்துவிட்டார். ஆனாலும் பரிகாசமாக எடுக்கக் கூடாது, எழுத்தில் ஒரு பராதி வந்தால் உண்மையிலேயே கேஸ் எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வந்தால் வரட்டும். எனக்குப் பயம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து போன வண்டி திரும்புமா என்று காது கொடுத்துக்கொண்டிருந்த பயத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

அதனால் முதல் தாளில் எழுதினதைக் கேட்காதே. அப்பாவிடம் மூங்கிலை எடுக்கச் சொல்லிப் பேச வேண்டாம். தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுத நேரம் இல்லை, நீயே அடித்துவிட்டுப் படித்துக்கொள். அவரோடு வேறு ஏதாவது பேசு. உன் லாரி ரோட்டில் ஏறினதுமே டோல் தானாகக் கழிந்துவிடுமாமே, அதைப் பற்றிச் சொல்லு, கேட்க ஆசைப்படுவார், அப்புறம் அதையும் ஏசுவார், சந்தோஷமாக இருக்கும்.

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஜனவரியில் செபஸ்தியார் திருவிழாவுக்கு வருகிறேன், மதுரையில் இறங்கிக் கார் எடுத்து ஓட்டிக்கொண்டு வந்து உங்களையும் அப்பாவையும் பழையபடி இந்த ரோட்டிலேயே கோயில் வாசலில் இறக்கிவிடுகிறேன், நான் ஓட்டாத லாரியா, இந்த வளைவு எனக்குத் தூசு என்றாய். உனக்குத் தூசாக இருக்கலாம் ராசா, அடியில் இருப்பதும் வெறும் தூசுதான். கோயிலுக்கு நாம் தேயிலைக்காட்டு வழியாக நடந்து போவோம், உன் தோளைப் பிடித்துக்கொண்டு நான் ஏறிவிடுவேன். உனக்கு நல்ல சுகமும், தூரத்து ரோடுகளில் தூங்காத கண்ணும், வழிக்குத் துணையாகச் சிறகு விரித்த சம்மனசும் ஆண்டவர் கொடுக்கட்டும். உள்பனியனைக் கழற்றாதே, ஜெபமாலையை வண்டியில் தொங்கவிட்டால் மட்டும் போதாது, சொல்லவும் செய். ஊறுகாயை மற்றவர்களுக்கும் கொடு. மறக்காமல் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. காரை வீட்டு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். நீ ஹாரன் அடித்தாலும், அம்மா என்று கூப்பிட்டாலும் நான் மூங்கிலைத் தூக்க மாட்டேன். அதற்கு அடியில் குனிந்து நானே உன் பக்கம் வந்துவிடுவேன்.

உன் வரவைப் பார்த்து ரோட்டிலேயே இருக்கும் அம்மா,
சு. புஷ்பமேரி